ஒரே கன்சோல், இரண்டு விலை: பத்தாயிரம் ரூபாய்க்குக் கைமாறுவது எது?

சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 5 என்னும் வீடியோ கேம் கன்சோல், அதாவது தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட கணினி, 2021 பிப்ரவரி 2 அன்று இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது ரூ.49,990 என்றும் ரூ.39,990 என்றும் இரண்டு விலைகளோடு வந்தது. 2024 ஏப்ரலில் அதே கருவியின் மெலிந்த வடிவம் இங்கே வந்தபோது விலைகள் ரூ.54,990, ரூ.44,990 என்று உயர்ந்திருந்தன. ஆனால், இரண்டுக்கும் இடையிலான பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் மட்டும் அப்படியே நின்றது. செயலி, வரைகலைச் சில்லு, நினைவகம், சேமிப்பகம் என்று ஆட்டத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் எந்த உறுப்பிலும் இவ்விரண்டு பதிப்புகளும் வேறுபடவில்லை. விலை கூடியதில் வட்டு நுழைக்கும் டிஸ்க் டிரைவ் உண்டு. ‘டிஜிட்டல் எடிஷன்’ என்று பெயரிடப்பட்ட விலை குறைந்ததில் அது இல்லை.

வாங்க வருபவரிடம் இந்த வேறுபாடு பெரும்பாலும் ஒரு பழக்கம் சார்ந்த கேள்வியாகவே முன்வைக்கப்படுகிறது. டிஸ்க் போட்டு விளையாடுவீர்களா, டவுன்லோடு செய்து விளையாடுவீர்களா என்று கேட்கப்படும்போது, கையில் போன் வைத்திருக்கும் எவரும் டவுன்லோடே வசதி என்று சொல்லிவிடக்கூடும். பத்தாயிரம் ரூபாயும் மிச்சம். ஆனால், கன்சோலின் முன்புறம் இருக்கும் அந்த மெல்லிய பிளவு வெறும் வசதிக்கான உறுப்பு அன்று. வாங்கிய பொருளை மறுபடி விற்கவும், நண்பருக்கு இரவல் கொடுக்கவும், இன்னொருவர் விளையாடி முடித்ததைப் பாதி விலைக்கு வாங்கவும் நுகர்வோருக்கு உள்ள உரிமை அந்தப் பிளவின் வழியாகத்தான் செயல்படுகிறது. அது இல்லாத பதிப்பை வாங்குபவர் அந்த உரிமையைப் பத்தாயிரம் ரூபாய்க்கு விற்றுவிடுகிறார். விற்கிறோம் என்பதை அட்டைப்பெட்டியில் எங்கும் அவருக்குச் சொல்லுவதில்லை.

கன்சோல் தொழிலின் கணக்கு

ஒரே கன்சோலை இரண்டு மூன்று வடிவங்களில் ஏன் தயாரிக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள, இத்தொழிலில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கன்சோல்கள் சந்தைக்கு வரும் தொடக்க ஆண்டுகளில் அடக்கவிலைக்குக் கீழேயே விற்கப்படுவது வழக்கம். 499 டாலருக்கு விற்ற பிளேஸ்டேஷன் 5 இனி நஷ்டத்தில் விற்கப்படவில்லை என்று சோனி அறிவித்தது, கருவி வெளியாகி ஒன்பது மாதங்கள் கழித்து, 2021 ஆகஸ்டில்தான். கருவியில் விட்ட பணத்தை ஆட்டங்களின் விற்பனையிலும் மாதச் சந்தாவிலும் எடுத்துவிடலாம் என்பதே ஏற்பாடு. கன்சோலுக்குள்ளேயே இருக்கும் இணையக் கடையில் ஓர் ஆட்டம் விற்கும்போது, விற்பனை விலையில் பொதுவாக 30 விழுக்காட்டைக் கன்சோல் நிறுவனம் கழிவாக எடுத்துக்கொள்கிறது. அதே ஆட்டம் வட்டாக விற்றால் மொத்த வியாபாரியும் சில்லறைக் கடைக்காரரும் பங்கு கேட்கிறார்கள். அந்த வட்டு பிறகு கைமாறும்போது நிறுவனத்துக்கு ஒரு காசும் போவதில்லை.

டிஸ்க் டிரைவ் இல்லாத பதிப்பு 2020இல் அமெரிக்காவில் 100 டாலர் குறைவாக விற்கப்பட்டதற்குக் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. பெருவாரியாக உற்பத்தியாகும் ஒரு டிரைவின் அடக்கச் செலவு 100 டாலராக இருந்திருக்க வாய்ப்பில்லை. மீதி, வாங்குபவரை ஒரே கடைக்குள் கட்டிப்போடுவதற்கு நிறுவனம் முன்கூட்டியே கொடுக்கும் ஊக்கத்தொகை என்றே கொள்ள வேண்டும். அந்தக் கடையில் போட்டி வணிகர் கிடையாது, பழைய பொருள் கிடையாது, பேரம் கிடையாது. தள்ளுபடி உண்டு, சில வேளைகளில் தாராளமாகவே உண்டு. ஆனால், அது எப்போது, எவ்வளவு என்பதைக் கடைக்காரர் ஒருவரே முடிவு செய்கிறார்.

வாங்குபவர் போட வேண்டிய கணக்கு எளிது. பிளேஸ்டேஷன் 5 வெளிவந்த காலத்தில் சோனியின் சொந்தத் தயாரிப்பான புதிய ஆட்டம் ஒன்றின் இந்திய விலை ரூ.4,999. வட்டாக வாங்கியவர் விளையாடி முடித்ததும் ரூ.2,000 மட்டுமே இழந்து மீதிக்கு விற்றுவிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் ஆட்டத்திலும் மூவாயிரம் ரூபாய் திரும்பி வருகிறது. நான்காவது ஆட்டத்தில் அந்தப் பத்தாயிரம் ரூபாய் கழிந்துவிடுகிறது. மறுவிற்பனையில் அவ்வளவு கிடைக்காமல் ஆயிரத்தைந்நூறுதான் கிடைத்தாலும் ஏழு ஆட்டங்களில் கணக்கு நேராகிறது. ஒரு கன்சோல் தலைமுறை ஆறேழு ஆண்டுகள் நீடிக்கும் என்பதையும், சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழைய வட்டு வாங்கி விளையாடுவதே பல இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் வழி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘மலிவு’ப் பதிப்பு எவ்வளவு காலத்துக்கு மலிவு என்ற ஐயம் எழுவது இயல்பு.

வட்டைக் கழற்றிவிடும் இந்த முயற்சி திடீரென்று முளைத்ததும் அன்று. சோனியே 2009இல் பிஎஸ்பி கோ என்ற கையடக்கக் கருவியை வட்டு நுழைவு இல்லாமல் வெளியிட்டது. ஏற்கெனவே வட்டுகளை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அதில் பயன்படுத்த வழியில்லாமல் போனதால் அது எடுபடாமல் 2011இல் நிறுத்தப்பட்டது. 2013இல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிமுகப்படுத்தியபோது, கருவி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், வட்டை மறுவிற்பனை செய்யவும் இரவல் கொடுக்கவும் கட்டுப்பாடுகள் உண்டு என்று அறிவித்தது. எதிர்ப்பு பலமாக எழுந்ததால் அதே ஆண்டு ஜூன் 19 அன்று அந்த நிபந்தனைகளைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட நாட்களில் சோனி ஒரு குறும்படம் வெளியிட்டது: பிளேஸ்டேஷன் 4இல் ஆட்டத்தைப் பகிர்வது எப்படி என்ற தலைப்பின் கீழ், அந்நிறுவனத்தின் மூத்த நிர்வாகி ஷுஹெய் யோஷிடா, பக்கத்தில் நிற்கும் சக அதிகாரியிடம் ஒரு வட்டுப் பெட்டியை நீட்டுகிறார், அவர் வாங்கிக்கொள்கிறார், படம் முடிந்துவிடுகிறது. போட்டியாளரை அவ்வளவு அழகாகக் கேலி செய்த நிறுவனம்தான் ஏழு ஆண்டுகளில் வட்டு நுழைக்கவே இடமில்லாத பிளேஸ்டேஷனை விற்கத் தொடங்கியது. எதிர்ப்பு எழவில்லை. கட்டாயமாகத் திணிக்கப்பட்டபோது கொதித்தெழுந்தவர்கள், விலை குறைந்த விருப்பத்தேர்வாக அதே நிலை வந்தபோது ஏற்றுக்கொண்டார்கள்.

பழைய பதிப்பே மேலாக இருந்த கதை

பதிப்புகள் பற்றிய இன்னொரு தவறான எண்ணம், புதியது எப்போதும் பழையதைவிட மேலானதாக இருக்கும் என்பது. கன்சோல்களின் வரலாறு இதை உறுதிப்படுத்துவதில்லை. 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 20 ஜிபி, 60 ஜிபி என்று இரண்டு கொள்ளளவுகளில், முறையே 499, 599 டாலர் விலையில் வெளிவந்தது. விலை குறைந்ததில் வைஃபை கிடையாது, மெமரி கார்டு செருகும் இடங்கள் கிடையாது. ஆனால், இரண்டிலுமே முந்தைய தலைமுறையான பிளேஸ்டேஷன் 2இன் முதன்மைச் செயலியும் வரைகலைச் சில்லும் அப்படியே பொருத்தப்பட்டிருந்தன; ஆகையால் பழைய ஆட்டங்களின் வட்டுகளும் அவற்றில் ஓடின. புதிய கருவி பழைய ஆட்டங்களை ஏற்றுக்கொள்ளும் இத்தன்மையைப் பின்னோக்கிய இணக்கம் என்று குறிப்பிடலாம்.

பழைய சில்லுகளையும் சேர்த்துச் சுமப்பது செலவு பிடித்த காரியம் என்பதால், 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு வந்த பதிப்பில் பிளேஸ்டேஷன் 2இன் செயலி நீக்கப்பட்டு, அதன் வேலையை மென்பொருளைக் கொண்டு ஒப்பேற்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. பல ஆட்டங்கள் அதில் சரிவர ஓடவில்லை. அதே ஆண்டின் இறுதியில் வந்த 40 ஜிபி பதிப்பில் வரைகலைச் சில்லும் போயிற்று, பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்கள் அடியோடு நின்றன, நான்காக இருந்த யூஎஸ்பி துளைகள் இரண்டாகக் குறைந்தன. விலை 399 டாலராக இறங்கியது உண்மை. ஆனால், ‘புதிய மாடல்’ என்ற பெயரில் கடைக்கு வந்த ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைவாகவே செய்தது என்பதும் உண்மை. சேகரிப்பாளர்கள் இன்றும் 2006ஆம் ஆண்டின் முதல் பதிப்பைத் தேடி அலைவதற்கு இதுவே காரணம். 2004இல் மெலிந்த உருவத்தில் வந்த பிளேஸ்டேஷன் 2இலும் இதே கதை நடந்தது: ஹார்டு டிஸ்க் பொருத்தும் இடம் அதில் நீக்கப்பட்டதால், ஹார்டு டிஸ்க் இருந்தால்தான் ஓடும் ‘ஃபைனல் ஃபேன்டசி லெவன்’ ஆட்டத்தை அதில் விளையாட முடியாமல் போயிற்று.

வாங்கிய பிறகும் ஒரு பதிப்பு அதே பதிப்பாக நீடிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்பதையும் பிளேஸ்டேஷன் 3 காட்டிக்கொடுத்தது. லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளங்களை நிறுவிக்கொள்ளும் வசதி அதன் தொடக்கப் பதிப்புகளில் இருந்தது. அதை விளம்பரப்படுத்தியே சோனி கருவியை விற்றது. 2010 ஏப்ரல் 1 அன்று வெளியான மென்பொருள் புதுப்பிப்பு அந்த வசதியை நீக்கிவிட்டது. புதுப்பிப்பை ஏற்க மறுத்தவர்கள் இணையவழி விளையாட்டுச் சேவையை இழக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் இழுபட்டு இறுதியில் சமரசத்தில் முடிந்தது.

ஆற்றல் கூடிய பதிப்பு யாருக்குத் தேவை?

வட்டை விட்டுவிட்டு ஆற்றலின் அடிப்படையில் பிரியும் பதிப்புகளுக்கு வந்தால், அங்கே எண்களின் ஆட்சி நடக்கிறது. 2020 நவம்பர் 10 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப் ஆற்றல் கொண்டது, சீரிஸ் எஸ் 4 டெராஃப்ளாப் கொண்டது என்று சொல்லப்பட்டது. விநாடிக்கு ஒரு லட்சம் கோடி தசமக் கணக்குகளைப் போடும் திறனே ஒரு டெராஃப்ளாப். அப்போது இந்தியாவில் முன்னது ரூ.49,990, பின்னது ரூ.34,990. நினைவகமும் முன்னதில் 16 ஜிபி, பின்னதில் 10 ஜிபிதான். மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் என்றதும் மிரள வேண்டியதில்லை. சீரிஸ் எஸ் 1440பி என்னும் தெளிவை இலக்காகக் கொண்டது, அதாவது சுமார் 37 லட்சம் புள்ளிகளால் ஆன படம். சீரிஸ் எக்ஸ் இலக்காகக் கொண்ட 4கே படத்தில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். வீட்டில் இருப்பது முழு எச்டி தொலைக்காட்சி என்றால், அதன் திரையில் இருப்பதே 21 லட்சம் புள்ளிகளுக்குச் சற்றுக் குறைவுதான். அங்கே உயர்ந்த கன்சோலுக்குக் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

ஆனால், குறைந்த பதிப்பின் சிக்கல் படத்தின் தெளிவோடு நின்றுவிடுவதில்லை. ஒரு கன்சோல் குடும்பத்துக்கு ஆட்டம் எழுதுபவர்கள் அதன் மிகப் பலவீனமான உறுப்பினருக்கும் அது பொருந்தும்படி எழுத வேண்டியிருக்கிறது. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360இன் ‘கோர்’ பதிப்பு ஹார்டு டிஸ்க் இல்லாமல் 299 டாலருக்கு விற்கப்பட்டதால், அந்தத் தலைமுறை முழுவதும் ஹார்டு டிஸ்க் எல்லோரிடமும் இருக்கும் என்று நம்பி ஆட்டம் எழுதுவது படைப்பாளர்களுக்கு அரிதாயிற்று. 2023இல் ‘பால்டர்ஸ் கேட் 3’ என்ற புகழ்பெற்ற ஆட்டம் பிளேஸ்டேஷன் 5க்குச் செப்டம்பரிலேயே வந்துவிட, எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர் வரை தாமதமானது. ஒரே திரையைப் பிரித்து இருவர் சேர்ந்து விளையாடும் முறை சீரிஸ் எஸ் கருவியின் குறைந்த நினைவகத்தில் ஓட மறுத்ததே காரணம். கடைசியில் அந்தக் கருவிக்கு மட்டும் அவ்வசதி இல்லாமலே ஆட்டம் வெளியானது. மலிவுப் பதிப்பு வாங்கியவர் மட்டுமல்லாமல், விலை கொடுத்து உயர் பதிப்பு வாங்கியவரும் காத்திருக்க நேர்ந்தது.

மறுமுனையில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ நிற்கிறது. 2024 நவம்பர் 7 அன்று 699 டாலருக்கு வந்த இக்கருவியின் வரைகலைப் பகுதியில் கணக்கிடும் அலகுகள் 67 விழுக்காடு கூடுதல். குறைந்த தெளிவில் உருவாக்கிய படத்தை இயந்திரக் கற்றல் முறையால் உயர்ந்த தெளிவுக்கு நிரப்பித் தரும் நுட்பமும் இதில் உண்டு. சாதாரண பிளேஸ்டேஷன் 5இல் பல ஆட்டங்கள் விளையாடுபவரிடம் படத்தின் நேர்த்தி வேண்டுமா, அசைவின் வேகம் வேண்டுமா என்று கேட்கும். நான்கில் மூவர் வேகத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று இதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி அறிமுக உரையில் சொன்னார். இரண்டையும் ஒருசேரத் தருவது ப்ரோவின் நோக்கம். நியாயமான நோக்கம்தான். ஆனால், அந்தப் புள்ளிவிவரமே வேறொன்றையும் உணர்த்துகிறது: நான்கில் மூவர் படத்தின் நேர்த்தி குறைந்தாலும் பரவாயில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள் என்றால், 200 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய அவசியம் அவர்களில் எத்தனை பேருக்கு இருக்கும்? இத்தனை விலை கொடுத்தும் டிஸ்க் டிரைவ் உடன் வராது. நிமிர்த்தி வைப்பதற்கான தாங்கிகூடத் தனி விலை. இந்திய வாசகருக்கு இந்தக் கேள்வி வெளியீட்டின்போது எழவே இல்லை. ப்ரோவில் உள்ள வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் அப்போது அனுமதி இல்லாததால், அது இங்கே விற்பனைக்கு வராது என்று சோனி அறிவித்துவிட்டது.

கழற்றி மாட்டும் டிரைவ்

2023இல் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5, டிஜிட்டல் பதிப்பு வாங்கியவருக்கு ஒரு பின்வாசலைத் திறந்து வைத்தது. 2020ஆம் ஆண்டின் டிஜிட்டல் பதிப்பில் டிரைவ் பொருத்த எந்த வழியும் இல்லாதிருந்த நிலை மாறி, பக்கவாட்டு மூடியைக் கையால் கழற்றி, தனியாக வாங்கிய டிரைவை அதற்கென்று விடப்பட்ட பள்ளத்தில் அழுத்திப் பொருத்திக்கொள்ளலாம் என்று ஆயிற்று. நல்ல மாற்றம். ஆனாலும், இதிலும் இரண்டு முடிச்சுகள் உள்ளன. அமெரிக்காவில் அந்த நேரத்தில் இரு பதிப்புகளுக்கும் வித்தியாசம் 50 டாலராக இருக்க, தனி டிரைவின் விலை 80 டாலர். முதலில் மிச்சம் பிடித்துப் பிறகு மனம் மாறியவர் 30 டாலர் அதிகம் கொடுக்க வேண்டும். ப்ரோ அறிவிக்கப்பட்டதும் அந்த டிரைவ்களுக்கே பல கடைகளில் தட்டுப்பாடு வந்தது. இரண்டாவது முடிச்சு இன்னும் நுட்பமானது: பொருத்திய டிரைவைக் கன்சோல் ஏற்றுக்கொள்வதற்கு ஒருமுறை இணையத்தின் வழியாக நிறுவனத்தோடு இணைந்து பதிவு செய்தாக வேண்டும். வட்டு வைத்திருப்பவர் நிறுவனத்தைச் சார்ந்திராமல் விளையாடலாம் என்ற எண்ணத்துக்கு அந்த ஒருமுறைப் பதிவே ஒரு விலக்கு. என்றைக்காவது அந்தப் பதிவு வழங்கி நிறுத்தப்பட்டால், அதன் பிறகு டிரைவை மாற்றுவது எப்படி?

வட்டைப் புனிதப்படுத்தத் தேவையில்லை. இன்றைய வட்டில் இருந்து ஆட்டம் நேரடியாக ஓடுவதில்லை. உள்ளே இருக்கும் வேகமான சேமிப்பகத்துக்கு முழுதும் நகலான பிறகே ஓடுகிறது, வட்டு அதன் பிறகு சாவியாக மட்டுமே பயன்படுகிறது. சில வட்டுகளில் சாவியைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. 2022இல் வெளிவந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ ஆட்டத்தின் பிளேஸ்டேஷன் 5 வட்டில் இருந்தது சுமார் 70 மெகாபைட், 100 ஜிபி வரை கொள்ளும் வட்டில் அவ்வளவுதான், மீதி முழுவதும் டவுன்லோடு. ‘ஆலன் வேக் 2’ போன்ற சில பெரிய ஆட்டங்கள் வட்டு வடிவமே இல்லாமல் வெளிவந்து, அதற்காக ஓராண்டு காத்திருக்க வைத்தன. இணையத்தின் துணையின்றி இயங்காத ஆட்டங்களுக்கோ வட்டு இருந்தும் பயனில்லை: யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய ஆட்டத்தின் வழங்கிகளை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, காசு கொடுத்து வட்டு வாங்கியவர் கையில் இருந்ததும் வெறும் பிளாஸ்டிக் தகடாயிற்று. இருந்தபோதிலும், ஒருவர் மட்டும் விளையாடும் கதைசார்ந்த ஆட்டங்களில் கணிசமானவை இன்றும் வட்டில் முழுமையாக வருகின்றன. அவற்றை மறுவிற்பனை செய்ய முடிகிறது. நூறு ஜிபி ஆட்டத்தை மெதுவான இணைப்பில் இரவெல்லாம் இறக்க வேண்டிய தேவையும் குறைகிறது.

டிஜிட்டல் முறையில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்துபவருக்குக் கிடைப்பது பொருள் அன்று, பயன்படுத்தும் உரிமம். புத்தகத்தையும் வட்டையும் ஒருமுறை விற்றுவிட்டால் அடுத்த விற்பனையில் பதிப்புரிமையாளர் தலையிட முடியாது என்ற கோட்பாடு அமெரிக்கச் சட்டத்தில் நூறாண்டுகளுக்கு மேல் நிலைபெற்றது. டவுன்லோடு செய்த ஆட்டத்துக்கு அது நீளவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல், நிறுவனங்கள் டவுன்லோடு செய்து பயன்படுத்தும் மென்பொருளின் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அதைப் பின்பற்றி, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் கடையில் வாங்கிய ஆட்டங்களையும் மறுவிற்பனை செய்ய அனுமதிக்க வேண்டும் என்று பாரிஸ் நீதிமன்றம் ஒன்று 2019இல் கூறியது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. சோனி, பிளேஸ்டேஷன் கடையில் வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த டிஸ்கவரி தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் 2023 டிசம்பர் 31 முதல் அவர்களுடைய கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தது. கண்டனம் கிளம்பிய பிறகே பின்வாங்கியது. இவ்வளவுக்கும் பிறகு கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, விற்கப்படுவது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லை இணையக் கடைகள் பயன்படுத்துவதை 2025 முதல் தடை செய்திருக்கிறது.

நின்டெண்டோவின் வேறு வழி

நின்டெண்டோ ஸ்விட்ச் குடும்பத்தில் பதிப்புகள் பிரிந்த விதம் ஒப்பீட்டளவில் நேர்மையானது. 2017இல் வந்த மூலக் கருவியைத் தொலைக்காட்சியிலும் இணைக்கலாம், கையிலும் வைத்து விளையாடலாம். 2019இல் வந்த லைட் பதிப்பு கையில் வைத்து விளையாட மட்டும், 100 டாலர் குறைவு. 2021இல் வந்த ஓஎல்இடி பதிப்பில் திரை 6.2 அங்குலத்திலிருந்து 7 அங்குலமாகி, நிறம் பளிச்சிட்டது. ஆட்டங்கள் மூன்றுக்கும் பொது. ஆட்டங்கள் வரும் சிறிய அட்டைகளும் மூன்றிலும் செருகத்தக்கவை. வாங்குபவர் எங்கே உட்கார்ந்து விளையாடுவார் என்பதே அங்கே கேள்வி. 2025இல் வந்த ஸ்விட்ச் 2இல் அந்த எளிமை கலைந்தது. அதன் ஆட்டங்களில் ஒரு பகுதி ‘கேம்-கீ கார்டு’ என்ற பெயரில், உள்ளே ஆட்டமே இல்லாமல், டவுன்லோடு செய்ய அனுமதிக்கும் சாவி அட்டைகளாக வருகின்றன. ஆனால், அதை அட்டைப்பெட்டியின் முன்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்தச் சாவியை மறுபடி விற்கவும் முடியும். சோனியும் மைக்ரோசாஃப்டும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

ஜப்பானில் இன்னொரு புதுமையும் நடக்கிறது. ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும் ஸ்விட்ச் 2 அங்கே 2025இல் 49,980 யென்னுக்கும், பல மொழிகளில் இயங்குவது 69,980 யென்னுக்கும் விற்பனைக்கு வந்தது. 2025 நவம்பரில் சோனியும் ஜப்பானிய மொழி மட்டுமே கொண்ட டிஜிட்டல் பிளேஸ்டேஷன் 5ஐ 55,000 யென்னுக்குக் கொண்டுவந்தது. யென்னின் மதிப்பு சரிந்ததால் வெளிநாட்டவர் மொத்தமாக வாங்கிக் கொண்டுபோவதைத் தடுக்கும் ஏற்பாடாக இது பார்க்கப்படுகிறது. ஜப்பானில் இருந்து உறவினர் வழியாகவோ இறக்குமதிக் கடைகளிலோ வாங்க நினைப்பவர்கள், மலிவாகக் கிடைக்கிறதே என்று கைவைக்கும் முன் எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும்.

பெயர் மாறாமலே உள்ளே மாறும் பதிப்புகளும் உண்டு. 2019 ஆகஸ்டில் ஸ்விட்சின் பேட்டரி நீடிக்கும் நேரம் இரண்டரை முதல் ஆறரை மணி என்பதிலிருந்து நான்கரை முதல் ஒன்பது மணி என்று உயர்ந்தது. வெளியே இருந்து பார்த்தால் பெட்டியின் நிறத்தையும் மாடல் எண்ணையும் தவிர வேறு அடையாளமில்லை. பிளேஸ்டேஷன் 5இன் சிஎஃப்ஐ-1000, 1100, 1200 என்ற மாடல் எண்களுக்கிடையே வெப்பம் தணிக்கும் உலோகப் பகுதி சிறுத்தது, சில்லு மாறியது, எடை குறைந்தது. 2025இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த டிஜிட்டல் பதிப்பில், 1 டெராபைட்டாக இருந்த சேமிப்பகம் விலை குறையாமலே 825 ஜிபிக்கு இறங்கியது. பழைய கருவி வாங்குபவருக்கும் புதியது வாங்குபவருக்கும் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண்ணே நம்பகமான தகவல். விளம்பரப் பெயர் அன்று.

தேர்வு எப்படி அமைய வேண்டும் என்பது இவற்றிலிருந்து ஓரளவு தெளிவாகிறது. இந்தியாவில் பிளேஸ்டேஷன் வாங்கும் குடும்பத்துக்கு, ஆண்டுக்கு இரண்டு மூன்று கதை ஆட்டங்களாவது வாங்கும் எண்ணம் இருந்தால், டிஸ்க் டிரைவ் உள்ள சாதாரணப் பதிப்பே சரியான கொள்முதல். மாதச் சந்தாவில் வரும் ஆட்டங்களையும், ‘ஃபோர்ட்நைட்’ போன்ற இலவச ஆட்டங்களையும் மட்டுமே விளையாடப்போகும் வீட்டுக்கு டிஜிட்டல் பதிப்பு போதும். அங்கே இழப்பதற்கு மறுவிற்பனை என்ற ஒன்றே இல்லை. முழு எச்டி தொலைக்காட்சி வைத்திருப்பவர் ஆற்றல் கூடிய பதிப்புக்குப் பணம் கொடுப்பதைவிட அந்தப் பணத்தில் ஆட்டங்கள் வாங்குவது மேல்.

மீதி, அரசின் கையில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறான எண்ணத்தைத் தரும் விளம்பரங்களின் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் பெற்றது. ‘இக்கருவியில் வட்டுகளைப் பயன்படுத்த முடியாது, இதில் வாங்கும் ஆட்டங்களை மறுவிற்பனை செய்யவோ பிறருக்குத் தரவோ இயலாது’ என்ற ஒரு வரியை, விலைக்கு நிகரான எழுத்தளவில், டிஜிட்டல் பதிப்புகளின் பெட்டி முகப்பில் அச்சிட வேண்டும் என்று அந்த ஆணையம் உத்தரவிட வேண்டும்.